ஒரே மனைவி

பாம்புகள் கண் விழிப்பதற்கும் மரங்கள் இலை விடுவதற்கும் முன்னால் போய்வந்துவிட வேண்டும். கென்டக்கி மலைகளில் பழைய கல்லறைகளைத் தேடி அலைகிறவர்களுக்கு இது பாலபாடம். மார்ச் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு, ஐவா ஹால்கம் தன் வண்டியை, அந்த மலைக்குச் சொந்தக்காரரான க்ரீட் ஃபியூகேட்டின் தொழுவத்துக்கு முன்னால் நிறுத்தினாள். பக்கத்து இருக்கையிலிருந்து அவள் நாத்தனார் ஓலெட்டா முனகிக்கொண்டே இறங்கினாள்.

"இன்னும் எவ்ளோ தூரம் ஏறணும் க்ரீட்?" என்று கேட்டாள் ஓலெட்டா.

"உன் முட்டிக்குன்னா ரெண்டு மைல். மத்தவங்களுக்கு அரை மைல்." க்ரீட் புகையிலையைக் கன்னத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒதுக்கினார். "போங்க, பாத்துட்டு வாங்க. அஞ்சாறு கல்லு கெடக்கும். இடப்பக்கம் ஒரு குழி இருக்கு, அதுல மட்டும் கால வெக்காதீங்க. எங்கப்பா காலத்துலேர்ந்து எத்தனை கூடை மண்ணு கொட்டியாச்சு. தின்னுட்டே இருக்கு."

"பழைய குழின்னா தாழத்தான் செய்யும்" என்றாள் ஐவா.

"தாழும் சகோதரி. ஆனா ஒரு எடத்துல நிக்கும்ல?"

கவுண்டி என்கிற அந்த மாவட்டத்தின் வரலாற்றுச் சங்கத்துக்காக ஐவா பதினோரு வருடமாகக் கல்லறை வாசகங்களைப் படியெடுத்து வந்தாள். தூர மாநிலங்களுக்குப் பிழைக்கப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் கடிதம் எழுதுவார்கள்: எங்கள் கொள்ளுத் தாத்தா எங்கே படுத்திருக்கிறார், கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்று. ஐவா முட்செடிகளை வெட்டிக்கொண்டு போய்க் கண்டுபிடிப்பாள். சாய்ந்த கல்லை நிமிர்த்துவாள், பெயரை எழுதிக்கொள்வாள். அப்படிச் சேர்த்த பெயர்கள் மூன்று புத்தகங்களாக வந்திருந்தன. நான்காவது புத்தகம் அந்த வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். முந்நூற்றுப் பத்துப் பக்கங்கள் தட்டச்சாகி அவள் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் இருந்தன. அவற்றின் முதல் பக்கத்தில் ஒரு வரி இல்லை என்பது அவளுக்கு மட்டுமே தெரியும்.

முதல் பக்கம் அவள் கணவன் வெர்லினின் குடும்பக் கல்லறை. அங்கே நாற்பத்தொரு கல். ஐவா தட்டச்சு செய்தது நாற்பது.

விட்டுப்போனது இரட்டைக் கல். வலப்பாதியில் வெர்லினின் பெயரும் பிறந்த வருடமும்; இறந்த வருடத்துக்கு இடம் விட்டிருந்தது. இடப்பாதியில் டெல்ஃபியா, 1929–1974. அவன் முதல் மனைவி. அவள் போனபோது சேர்த்து வெட்டிய கல் அது. இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். அதற்கு நான்கு வருடம் கழித்து வெர்லின் ஐவாவைக் கட்டிக்கொண்டான். இந்த ஒன்பது வருடத்தில் அவன் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஆனாலும் உயிரோடு இருக்கிற தன் கணவனின் பெயர் வேறொருத்தியின் பெயரோடு கிரானைட்டில் கோத்துக் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் ஐவாவின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று சுருண்டு படுக்கும்.

பொறாமை வரும்போது பெரிய பாவம்போல வருவதில்லை. ஒரு வரியை விட்டுவிடுவது போலச் சத்தமில்லாமல் வருகிறது. ஒரு புத்தகத்திலாவது அந்த இரண்டு பெயரும் சேர்ந்து இல்லாமல் இருக்கட்டுமே என்று நினைத்தாள். கேட்டால் கைத்தவறு என்று சொல்லிக்கொள்ளலாம்.

"டெல்ஃபியா இருந்திருந்தா இந்த மேட்டை ஓடியே ஏறியிருப்பா" என்றாள் ஓலெட்டா, பாதி ஏற்றத்தில் ஒரு கட்டையில் உட்கார்ந்து.

"இருந்திருந்தா அவளுக்கும் அம்பத்தெட்டு வயசு, அக்கா."

"வயசெல்லாம் அவளை ஒண்ணும் பண்ணாது. நேத்து நீ குடுத்த அடுக்குக் கேக் நல்லாத்தான் இருந்துச்சு, ஆறு அடுக்கு. அவ எட்டு அடுக்கு வெப்பா. சும்மா சொன்னேன், மூஞ்சியத் தூக்காத."

ஐவா மூஞ்சியைத் தூக்கவில்லை. மண்வெட்டியைத் தோளில் மாற்றிக்கொண்டு மேலே நடந்தாள்.

மலைமுதுகில் மூன்று கிழட்டுத் தேவதாரு மரங்கள். அவற்றின் கீழே, சுற்றிலும் காய்ந்து பழுத்துக் கிடந்த காட்டுக்கு நடுவில், ஒரு சதுரம் மட்டும் கரும்பச்சையாக இருந்தது. குளிரிலும் வாடாத அந்தத் தரைக்கொடியை இங்கே கல்லறைக்கொடி என்பார்கள். அது படர்ந்த இடத்தில் மனிதர்கள் படுத்திருப்பார்கள்.

ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை.

நடுவில் நின்ற கல்லை ஓலெட்டா குனிந்து படித்தாள். "எல்க்கானா ஸ்டிடம். அட! பைபிள்ல எல்க்கானாவுக்கு ரெண்டு பெண்டாட்டி. அன்னாள், பெனின்னாள். ரெண்டு பேருக்கும் ஒரு நாளும் ஆகாது."

"பேருக்கும் விதிக்கும் என்ன சம்பந்தம்?" என்று சொல்லிக்கொண்டே ஐவா அவனுக்கு வலப்பக்கம் இருந்த கல்லுக்குப் போனாள். ஆள் உயரத்துக்கு நல்ல கல். எழுத்து ஒவ்வொன்றும் விரல்கடை ஆழத்துக்கு வெட்டப்பட்டிருந்தது, எந்த மழையும் கரைத்துவிடக் கூடாது என்பது போல.

ரோடா. எல்க்கானா ஸ்டிடமின் ஒரே மனைவி. 1904.

ஐவா பையிலிருந்து இண்டியானாவிலிருந்து வந்த கடிதத்தை எடுத்தாள். எழுதியவள் எழுபது கடந்த ஒரு பள்ளி ஆசிரியை. "என் தாத்தா எல்க்கானாவின் முதல் தாரத்து மகன். அவருக்கு இரண்டு வயதில் தாய் இறந்தாள். அவள் பெயர் என்ன என்று எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. நீதிமன்ற ஏடுகள் உள்நாட்டுப் போரில் எரிந்துவிட்டன. சின்னம்மா ரோடாதான் அவரை வளர்த்தாள். குளிர்கால இரவுகளில் செங்கல்லைச் சுட்டுத் துணியில் சுற்றி அவர் காலடியில் வைப்பாளாம். ஆனால் பெற்றவள் பெயரைக் கேட்டால் மட்டும் எழுந்து போய்விடுவாளாம். நான் சாவதற்குள் அந்தப் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும்."

எல்க்கானாவின் இடப்பக்கம், ஒரு மனைவி படுத்திருக்க வேண்டிய இடத்தில், கல் இல்லை. க்ரீட் சொன்ன குழி இருந்தது. அதன் மேல் மட்டும் கொடி படரவில்லை.

ஐவா நீள இரும்புக் கம்பியைக் குழியின் தலைமாட்டில் செருகினாள். மண் வெண்ணெய்போல வழிவிட்டது. ஒரு முழம் போனதும் டக்கென்று நின்றது. நான்கு விரல் தள்ளிச் செருகினாள். டக். இன்னும் தள்ளி. டக்.

"பலகைக் கல்லு. படுத்துக் கெடக்கு" என்றாள்.

இருவரும் தோண்டினார்கள். மதியம் ஆனபோது மணற்கல் பலகை ஒன்றின் முதுகு தெரிந்தது. எழுத்து இருக்கும் பக்கம் கீழே. அசைத்துப் பார்த்தார்கள், அசையவில்லை. கடப்பாரை வாங்கிவருகிறேன் என்று ஓலெட்டா முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

ஐவா குழிக்குள் மண்டியிட்டுத் தனியாக இருந்தாள். சும்மா இருப்பானேன் என்று கல்லின் ஓரத்தில் மண்ணைக் கையால் வழித்து, விரல்கள் நுழைகிற அளவுக்கு இடைவெளி செய்தாள். அடியில் கையை விட்டுத் தடவினாள். எழுத்துகள் அழியாமல் இருந்தன. இந்த வேலையில் ஊறியவளுக்குக் கண் வேண்டியதில்லை. முதல் எழுத்து, ஒரு தூணும் அதன்மேல் ஒரு குறுக்குச் சட்டமும். இரண்டாவது, கூரை. மூன்றாவதில் இரண்டு தொப்பை. டி, ஏ, பி. கையை இன்னும் உள்ளே விட்டாள்.

நான்காவது எழுத்து அசைந்தது.

அது எழுத்து இல்லை. விரல். அதற்குப் பக்கத்தில் இன்னொரு விரல். கல்லின் ஓரத்தைக் கீழிருந்து பற்றியிருந்தது ஒரு கை. விரல்கள் குளிர்ந்து, வேர்போல முறுக்கேறி, ஒரு நூற்றாண்டாகப் பிடித்த பிடியை விடாத இறுக்கத்தோடு இருந்தன.

காரச் சோப்பின் நெடி வந்தது. சாம்பலும் பன்றிக் கொழுப்பும் கலந்து வீட்டில் காய்ச்சுகிற பழைய நாள் சோப்பு. அந்த நெடிக்குள்ளிருந்து, காதுக்கு மிக அருகில், ஒரு பெண் குரல்.

"மூடு."

ஐவாவால் கையை இழுக்க முடியவில்லை.

"மூடும்மா. உனக்குத் தெரியாததா? நீயும் ரெண்டாவதுதான?"

அவள் கத்தினாளா என்று அவளுக்கே நினைவில்லை. கை வெளியே வந்துவிட்டிருந்தது. மேட்டுப் பாதையில் க்ரீட்டின் சிரிப்பும் ஓலெட்டாவின் மூச்சிரைப்பும் கேட்டன.

"பேயைப் பாத்த மாதிரி உக்காந்திருக்கே?" என்றாள் ஓலெட்டா.

"குளிரு" என்றாள் ஐவா.

கடப்பாரை போட்டுக் க்ரீட் நெம்பினார். முதலில் கல் வரவில்லை. அப்புறம் பல் பிடுங்கும்போது வருகிற மாதிரி ஒரு சத்தத்தோடு சட்டென்று வந்தது. அடியில் ஈர மண் தவிர ஒன்றும் இல்லை. மூவரும் சேர்ந்து அதைத் தலைமாட்டில் நிறுத்தி, மண்ணைக் கெட்டிப்படுத்தினார்கள்.

"தானா விழுந்திருக்கும்" என்றார் க்ரீட்.

"தானா விழுந்த கல்லு மேல மக்குன இலை இருக்கும். இது மேல ஒரு முழம் களிமண். யாரோ கல்லளவுக்குக் குழி வெட்டிக் கவுத்துப் போட்டு மூடியிருக்காங்க" என்றாள் ஐவா. எல்க்கானாவுக்கு மறுபக்கத்தில், 'ஒரே மனைவி' என்று ஆழமாக வெட்டிய கல் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தேய்ந்த எழுத்தைப் படிக்கக் கண்ணாடி பிடிப்பது வழக்கம். வெயிலைப் பக்கவாட்டில் திருப்பிக் கல்மேல் அடித்தால் எழுத்துகள் நிழல் கட்டி எழும். ஓலெட்டா கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தாள். வெளிச்சச் சதுரம் கல்லின்மேல் ஊர்ந்துவந்து நின்றது.

டபிதா. எல்க்கானா ஸ்டிடமின் மனைவி. வயது 24. அவள் கையணைப்பில் அவள் பெண் குழந்தை.

"டபிதா! பாவம், இருபத்துநாலு வயசு." ஓலெட்டாவின் குரல் இளகியது. "இண்டியானாக்காரி இன்னிக்குப் பேர் வாங்கிட்டா."

ஐவா எழுத்தைப் பார்க்கவில்லை. வெளிச்சச் சதுரத்தின் நடுவில், முக்காட்டுத் தொப்பி போட்ட ஒரு தலையின் நிழல் விழுந்திருந்தது. கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவில் யாரும் இல்லை.

நிழல் மெல்லத் திரும்பி, ஐவா இருந்த பக்கம் பார்த்தது.

மேகம் மூடியது. படம் எடுக்க வெளிச்சம் போதவில்லை. நாளை வரலாம் என்று இறங்கினார்கள்.

வீட்டில் வெர்லின் மொச்சையை வேகவைத்துச் சோள ரொட்டியும் சுட்டிருந்தான். சுரங்கத்தில் முப்பது வருடம் இருந்த நுரையீரல். நாலு வார்த்தைக்கு ஒரு தரம் நிறுத்தித்தான் பேசுவான்.

"பேரு கெடச்சுதா?"

"கெடச்சுது. டபிதா."

"நல்ல காரியம் ஐவா. பேரில்லாம கெடக்கறது கொடுமை." ரொட்டியைப் பிட்டு அவள் தட்டில் வைத்தான். "நம்ம கல்லறைதான மொதப் பக்கம்? புத்தகம் வந்ததும் மொதல்ல அதத்தான் படிக்கப் போறேன். விரல் வெச்சு, ஒவ்வொரு பேரா."

ஐவா தண்ணீர் எடுக்கப் போவதுபோல எழுந்து போனாள். குழாயடியில் கையைத் தேய்த்தாள். நகக்கண்ணில் இருந்த மஞ்சள் களிமண் போயிற்று. காரச் சோப்பின் நெடி போகவில்லை. அவர்கள் வீட்டில் கடைச் சோப்புதான்.

மேசையருகே வந்து முதல் பக்கத்தை எடுத்தாள். இப்போதே அடித்துவிடலாம், ஒரே ஒரு வரி. கை தட்டச்சு எந்திரத்தின்மேல் போனது. அப்போது டெல்ஃபியாவின் எட்டு அடுக்கும் அவள் ஏறாத மேடும் நினைவுக்கு வந்தன. ஐவா பக்கத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

கவிழ்த்து வைத்த பிறகுதான் தன் கை செய்ததைக் கவனித்தாள்.

மறுநாள் ஓலெட்டாவின் முட்டி வீங்கியிருந்தது. "நான் வண்டிலயே இருக்கேன். போட்டோ எடுத்துட்டுச் சீக்கிரம் வா" என்று போர்வையைச் சுற்றிக்கொண்டாள். தனியாக ஏறுவதில்லை என்பது ஐவாவின் கட்டுப்பாடு. ஆனால் இண்டியானாவின் அந்தக் கிழவி காத்திருந்தாள்.

வெயில் பளீரென்று அடித்தது. மலைமுதுகில் நேற்றைய கரும்பச்சைச் சதுரம் அப்படியே இருந்தது. எல்க்கானா இருந்தான். ரோடா இருந்தாள்.

டபிதாவின் கல் இடுப்பளவு புதைந்திருந்தது.

ஐவா ஓடினாள். இளகிய மண், நேற்று நட்டது, தாழ்ந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லி முடிப்பதற்குள் அவள் கண்முன்னால் கல் ஓர் அங்குலம் இறங்கியது.

மண் பிளக்கவில்லை. சத்தம் இல்லை.

இன்னோர் அங்குலம். 'மனைவி' என்ற சொல் மண்ணுக்குள் போயிற்று.

அவள் கேமராவை எறிந்துவிட்டுக் கல்லைக் கட்டிப் பிடித்தாள். இழுத்தாள். கீழேயிருந்தும் இழுத்தது. கிணற்றுக் கயிற்றின் மறுமுனையில் ஆள் இருப்பதைக் கை உணருமே, அப்படித் தெரிந்தது. காரச் சோப்பு நெடி மூக்கை எரித்தது.

"விடு" என்றது குரல். கோபமாக இல்லை, அதுதான் பயங்கரம். உறவுக்காரியிடம் பேசுவதுபோல இருந்தது. "நாப்பது வருசம் அவருக்குச் சமைச்சேன். சாகறப்போ அவரு கூப்பிட்ட பேரு எது தெரியுமா?"

ஐவா கால்களை மண்ணில் ஊன்றிக்கொண்டாள்.

"இந்தக் கல்லுல இருக்கற பேரு. நான் கல்லை எடுத்தேன். நீ வரியை எடுத்தே. ஒண்ணுதான். விடும்மா. ரெண்டு பேருமா மூடிடலாம்."

கேவலம், அந்த நொடியில் ஐவாவின் கைகள் தளர்ந்தன. பயத்தால் மட்டும் அல்ல. இந்த ஒன்பது வருடத்தில் அவள் நெஞ்சில் இருந்ததை இத்தனை சரியாகப் புரிந்துகொண்டவர் வேறு யாரும் இல்லை. கல் சரசரவென்று இறங்கியது. 'டபிதா' என்ற பெயரின் அடிக்கோடு மண்ணைத் தொட்டது.

அந்தப் பெயர் போனால், அந்தக் கிழவி பெயர் தெரியாமலே சாவாள். வெள்ளிக்கிழமை போனால், வெர்லின் விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்து நாற்பதாவது பெயரோடு நிற்பான்.

ஐவா மறுபடி பிடித்தாள். ஜெபம் செய்ய வார்த்தை வரவில்லை. வந்தது வேறொன்று.

"ரோடாம்மா, அந்தப் புள்ளைக்குச் செங்கல்லு சுட்டு வெச்சது நீதான?"

இழுப்பு நின்றது.

"துணியில சுத்திக் காலடியில வெச்சியாமே. சக்களத்தி புள்ளைன்னு பாக்கலையே நீ. அவன் மறக்கல. பேத்திகிட்டச் சொல்லியிருக்கான். அவ கடுதாசில எழுதியிருக்கா, நான் படிச்சேன்."

தேவதாருக் கிளை ஒன்று எங்கோ முறிந்தது.

"உன்ன யாரும் எடுத்துப் போடல. நீ அவருக்கு வலப்பக்கம் இருக்கே, அப்படியே இரு. அந்தச் செங்கல்லை நான் புத்தகத்துல எழுதறேன். டபிதா பெத்தா, ரோடா வளத்தான்னு எழுதறேன். இவளையும் இருக்க விடு தாயி. இவ கையில பச்சக் கொழந்த."

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஐவாவின் கன்னம் கல்லின்மேல் இருந்தது. பிறகு, மிக ஆழத்தில், யாரோ பெருமூச்சு விட்டதுபோல மண் ஒருமுறை எழுந்து அடங்கியது. கல் லேசாயிற்று. அவள் ஒருத்தியே இழுத்து நிமிர்த்தினாள். எறிந்த கேமராவைத் தேடி எடுத்து மூன்று படம் எடுத்தாள். போகும்போது, மடியில் இருந்த துணியால் ரோடாவின் கல்லில் படிந்திருந்த பாசியையும் துடைத்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் வெர்லினிடம் உண்மையைச் சொன்னாள். மலைமேல் நடந்ததை அல்ல, விட்டுப்போன வரியை. கைத்தவறு என்று சொல்லவில்லை.

அவன் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள். அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"அவ உனக்கு என்ன பண்ணினா ஐவா?"

"ஒண்ணும் பண்ணல."

"அவளுக்கு நீ யாருன்னுகூடத் தெரியாதே."

"தெரியாது."

மூச்சு வாங்கி நிறுத்தினான். எழுந்து வந்து, தட்டச்சு எந்திரத்தின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். "சரி, அடி. நான் சொல்றேன்." பிறந்த தேதியைச் சொன்னான். பிறகு இறந்த தேதியை. ஐவா எழுத்து எழுத்தாகத் தட்டினாள். நாற்பத்தொன்று ஆயிற்று. முடிந்ததும் அவன் தன் கனத்த கையை ஒரு கணம் அவள் தலையில் வைத்தான். பிறகு படுக்கப் போய்விட்டான். அந்தக் கணம் போதுமானதாக இருந்தது. போதாததாகவும் இருந்தது.

புத்தகம் வந்தது. ஸ்டிடம் கல்லறைக்கு அரைப் பக்கம். அதில் செங்கல்லும் இருந்தது. இண்டியானாவிலிருந்து ஒரு பதில் வந்தது; அழுதழுது எழுதிய மை பல இடத்தில் கலைந்திருந்தது. க்ரீட் ஒருநாள் கடைவாசலில் பிடித்துச் சொன்னார்: "அந்தக் குழி இப்போ மண்ணைத் தின்னல சகோதரி. கொடி படந்துடுச்சு. என்ன மந்திரம் பண்ணினே?"

"நலம் விசாரிச்சேன்" என்றாள் ஐவா.

மே மாதக் கடைசியில் பூ வைக்கும் ஞாயிறு வந்தது. எல்லாக் குடும்பமும் தங்கள் கல்லறைக்குப் பூவும் சாப்பாட்டுக் கூடையுமாகப் போகிற நாள். ஒன்பது வருடமாக ஐவா தலைவலி என்று வண்டியிலேயே உட்கார்ந்துவிடுவாள். இந்த முறை அவளே பியோனிப் பூக்களை வெட்டி, ஈரத்துணி சுற்றி எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் ஏறினாள். ஓலெட்டா ஆச்சரியத்தில் ஒரு குத்தல்கூடச் சொல்லவில்லை.

இரட்டைக் கல்லின் முன்னால் ஐவா மண்டியிட்டாள். டெல்ஃபியாவின் பக்கம் பூவை வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது.

கல் இடப்பக்கம் தாழ்ந்திருந்தது, நான்கு விரல்.

"மழைல நெலம் எளகியிருக்கும்" என்றான் வெர்லின்.

"அடியில காங்கிரீட்டு போட்டதாச்சே" என்றாள் ஓலெட்டா.

அன்று முதல் ஐவா ஒவ்வொரு ஞாயிறும் சபை கலைந்ததும் அங்கே போகிறாள். அடியில் மண்ணை அணைத்துக் கெட்டிப்படுத்துகிறாள், களை பிடுங்குகிறாள். முதல் தாரத்தின் கல்லை இப்படிப் பார்த்துக்கொள்ள எத்தனை பெரிய மனசு வேண்டும் என்று சபையில் பேசிக்கொள்கிறார்கள். அவளும் உண்மையாகத்தான் செய்கிறாள். சில ஞாயிறுகளில் கல் இறங்கியிருப்பதில்லை. அந்த வாரமெல்லாம் அவள் டெல்ஃபியாவை அன்போடு நினைத்திருப்பாள். ஓலெட்டா ஏதாவது சொன்ன வாரத்தில், வெர்லின் தூக்கத்தில் ஏதோ பெயரை முனகிய வாரத்தில், அரை அங்குலம் போயிருக்கும்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, 'டெல்ஃபியா' என்ற பெயரின் அடிக்கோடு புல்லைத் தொட்டிருந்தது. நடுப்பகல், சுற்றிலும் சில்வண்டுகளின் இரைச்சல். ஐவா கல்லோரத்தில் மண்ணை வழித்து இடைவெளி செய்து, கண்ணை மூடிக்கொண்டு, அடியில் கையை விட்டாள்.

விரல்கள் இருந்தன.

"ரோடாம்மா," என்றாள் மெல்ல, "போதும் தாயி. விட்டுடு."

காரச் சோப்பின் நெடி வரவில்லை. விரல்கள் குளிர்ந்திருக்கவும் இல்லை. உயிருள்ள கைபோல வெதுவெதுப்பாக, லேசாக வியர்த்து இருந்தன.

"மூடு" என்றது கீழிருந்து ஒரு குரல்.

அது ரோடாவின் குரல் அல்ல. தினமும் காலையில் அடுக்களையிலிருந்து வெர்லினைக் காபிக்குக் கூப்பிடுகிற, அவளுடைய சொந்தக் குரல்.